குரோகடைல் பிரிட்ஜ் வாசலுக்குக் கடைசி 12 கிலோமீட்டர்

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது இந்த வாசல். மொசாம்பிக் எல்லையோர ஊரான கோமாட்டிபூர்ட்டிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே தார்ச்சாலை. டர்பனிலிருந்து நாள் முழுக்க ஓட்டி வருகிறவர்கள் "இனி கால் மணி நேரம்தானே" என்று அசட்டையாவது இங்கேதான்.

முதலில் பாலம். வாசலுக்கு முன்னால் குரோகடைல் ஆறு, அதன்மேல் குறுகலான, தாழ்வான பாலம். கோடை மழையில், குறிப்பாக ஜனவரி முதல் மார்ச் வரை, ஆறு பெருகினால் தண்ணீர் பாலத்தின் மேலேயே ஓடும், வழியை அடைத்துவிடுவார்கள். இங்கே வெயில் அடிப்பதை நம்பாதீர்கள். மேற்கே ம்பொம்பேலாவிலோ பார்பர்டனிலோ கொட்டிய மழை ஆற்றோடு பிறகுதான் இங்கே வந்து சேரும். அதனால் வழியிலுள்ள மாலலேன் ஊரில் இருக்கும்போதே, பாலம் திறந்திருக்கிறதா என்று வாசலுக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அங்கேயே பூங்காவுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. கோமாட்டிபூர்ட் வரை வந்துவிட்டால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் திரும்பிப் போக வேண்டும். பாலத்தில் கணுக்கால் அளவு தண்ணீர்தான் என்றாலும் வண்டியை விடாதீர்கள். பாலத்தின் ஓரம் எது, அடித்து வந்த மரக்கட்டை எங்கே கிடக்கிறது, ஒன்றும் தெரியாது.

ஏப்ரல் முதல் டிசம்பர் வரை கரும்பு வெட்டு. லாரியிலிருந்து விழுந்த கரும்பும் சோகையும் தார்க்குழியை மூடிக் கிடக்கும். டயர் போவது பெரும்பாலும் அப்படித்தான். லாரிக்குப் பின்னால் நன்றாக இடைவெளி விட்டு ஓட்டுங்கள். ஆடுமாடும் குறுக்கே வரும், எனவே இருட்டில் இந்தச் சாலை வேண்டாம்.

கோமாட்டிபூர்ட்டுக்கு வரும் என்4 நெடுஞ்சாலையில் மொசாம்பிக் எல்லைக்கான லாரி வரிசை சில நாள் நீளமாக நிற்கும். அதற்கும் சேர்த்து ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வாசல் காலை 5.30க்குத் திறந்து மாலை 6.30க்கு மூடும், மே முதல் ஜூலை வரை காலை 6 முதல் மாலை 5.30 வரைதான். எல்லாருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். பகலில் மட்டும் வந்து போகிறவர்கள் மது கொண்டுபோக முடியாது. விடுமுறை நாட்களில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். உள்ளே தார்ச்சாலையில் மணிக்கு 50, மண்சாலையில் 40 கிலோமீட்டர்தான் வேகம். வாசலிலிருந்து லோயர் சாபி தங்கும் முகாம் சுமார் 35 கிலோமீட்டர். யானை குறுக்கே நின்றால் இரண்டு மணி நேரம்கூட ஆகும்.

பிரியாணி டப்பாவைத் திறப்பதற்கு முன் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். குரங்குக்கு மணம் நமக்கு முன்பே எட்டிவிடும்.