ஊர்ந்து போகும் பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டியும் லினக்ஸ் மின்ட்டும்: பழைய டிஸ்க்கில் கை வைக்காமல் செய்யும் முறை

லேப்டாப் ஊர்கிறது என்றதும் புது லேப்டாப் விலை பார்க்கக் கிளம்ப வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். வேறு எதையும் திறக்காமல் ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். சிபியு 10, 15 சதவீதத்தில் சும்மா இருக்கும்போது டிஸ்க் மட்டும் 100 சதவீதத்திலேயே நிற்கிறதா? அப்படியானால் பிராசஸர்மேல் பழி இல்லை. தடங்கல் ஹார்ட் டிஸ்க்கில்தான்.

5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு ஒரு சுற்றுச் சுற்றவே 11 மில்லி செகண்ட் ஆகும். ஒவ்வொரு சின்னக் கோப்புக்கும் அதன் முள் இடம் மாறிப் போய், தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். நொடிக்கு நூறு இடத்துக்குப் போய் வந்தாலே பெரிய விஷயம். விண்டோஸ் எழும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை. கோப்புகளை மெமரி சிப்பில் வைக்கும் எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. பத்து வருடப் பழைய ஐ3 லேப்டாப்கூட எஸ்எஸ்டி போட்டதும் நிமிர்ந்துவிடுவதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு பக்கம், விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். அதற்கு முந்தைய லேப்டாப்புகளுக்கு, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் நல்ல இடம். ஸ்டார்ட் மெனு, டாஸ்க்பார் எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும். மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது. 2029 வரை அப்டேட் உண்டு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டேலி, ஆட்டோகேட், ஃபோட்டோஷாப், டிஜிட்டல் கையெழுத்து டோங்கிள் ஆகியவற்றை நம்பித் தொழில் நடக்கிறதென்றால் லினக்ஸுக்கு மாறாதீர்கள். எஸ்எஸ்டி மட்டும் போட்டு, இருக்கும் விண்டோஸை அப்படியே அதற்கு நகலெடுத்து (குளோன் செய்து) கொள்ளுங்கள். பிரவுசர், யூடியூப், கடிதம், கணக்கு ஷீட், ஆன்லைன் வகுப்பு என்ற அளவில் இருப்பவர்களுக்கு மின்ட் தாராளமாகப் போதும்.

கீழே சொல்லும் முறையில் பழைய டிஸ்க்கில் ஒரு கோப்பைக்கூட அழிக்கப்போவதில்லை. அதைக் கழற்றி எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்ற எல்லாமே. எந்தப் படியில் தவறினாலும் பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினால் லேப்டாப் நேற்று இருந்தபடியே எழும்.

வாங்க வேண்டியவை

2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி ஒன்று. 240 அல்லது 256 ஜிபி போதும். படம், வீடியோ நிறைய இருந்தால் 480 அல்லது 500 ஜிபி. உயரம் 7 மில்லிமீட்டர் இருக்கும். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன் என்றால் எஸ்எஸ்டி கொஞ்சம் ஆடும். அதற்கான பிளாஸ்டிக் சட்டம் சில பெட்டிகளிலேயே வரும். லேப்டாப்பில் எம்.2 ஸ்லாட் (பட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் அது சாட்டா வகையா, என்விஎம்இ வகையா என்று மாடல் எண்ணை வைத்துப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஒன்றுக்கு மற்றொன்று வேலை செய்யாது.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் சீரியல் எண் போட்ட பில் கேளுங்கள். பெயர் தெரியாத 1 டிபி எஸ்எஸ்டி நம்ப முடியாத மலிவில் கிடைத்தால் தொட வேண்டாம். உள்ளே இருப்பது சின்ன மெமரி கார்டாகவும், 1 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றிய சிப்பாகவும் இருக்கலாம். நிரம்பும்வரை பொய் வெளியே தெரியாது.

ரேம் 4 ஜிபிக்குக் குறைவென்றால் இன்னொரு 4 ஜிபி சேர்ப்பது நல்லது. டிடிஆர்3, டிடிஆர்3எல், டிடிஆர்4 என்ற வேறுபாட்டைக் கவனியுங்கள். டிடிஆர்3எல் 1.35 வோல்ட், டிடிஆர்3 1.5 வோல்ட், அளவும் பள்ளமும் ஒன்றுதான் என்பதால் தவறானதும் உள்ளே போய் உட்காரும், ஆனால் லேப்டாப் எழாமல் போகலாம். இப்போது இருக்கும் ரேமின் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக் கடையில் காட்டுவதுதான் சுலபம்.

இவை தவிர 8 ஜிபி பென் டிரைவ், யூஎஸ்பி 3.0 உள்ள 2.5 இன்ச் டிஸ்க் கேஸ், பிஎச்0 அளவு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு காலாவதியான ஏடிஎம் கார்டு.

கழற்றுவதற்கு முன்

குரோமில் புக்மார்க்கும் பாஸ்வேர்டும் கூகுள் கணக்கோடு ஒத்திசைந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ள 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் பழைய டிஸ்க்கை வேறு எதிலும் திறக்க முடியாது.

கடைசியாக, ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்தபடியே ஷட் டவுன் கொடுங்கள். இது பலருக்கும் தெரியாத படி. சாதாரணமாக ஷட் டவுன் செய்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியால் பாதித் தூக்கத்தில் இருக்கும். அப்படிக் கழற்றிய டிஸ்க்கை லினக்ஸில் மாட்டினால் படிக்க மட்டும் விடும், அல்லது திறக்கவே மறுக்கும்.

பென் டிரைவ் தயார் செய்தல்

இதை இதே லேப்டாப்பில் முன்பே முடித்துவிடுங்கள், அல்லது வேறொன்றில் செய்யுங்கள். மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து, மின்ட் முழுதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்குங்கள். ஏறக்குறைய 3 ஜிபி வரும். 4 ஜிபி ரேம் என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 ஜிபி என்றால் சின்னமன். இறங்கிய கோப்பு முழுதாக வந்ததா என்று சரிபார்க்காமல் மேலே போக வேண்டாம். செவன்-ஜிப் இருந்தால் கோப்பின்மேல் ரைட் கிளிக் செய்து எஸ்எச்ஏ-256 என்ற சரிபார்ப்பு எண்ணைப் பாருங்கள்; தளத்தில் கொடுத்த எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். பாதியில் அறுந்த டவுன்லோடுதான் பின்னால் இன்ஸ்டால் நடுவே நிற்பதற்கு அடிக்கடி காரணம்.

ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் மென்பொருளில் ஐஎஸ்ஓவையும் பென் டிரைவையும் தேர்ந்து எழுதச் சொல்லுங்கள். பென் டிரைவில் இருப்பது அத்தனையும் அழிந்துவிடும். ஐஎஸ்ஓவை வெறுமனே காப்பி செய்து பேஸ்ட் செய்தால் லேப்டாப் அதிலிருந்து எழாது (பூட் ஆகாது).

கழற்றி மாட்டுதல்

சார்ஜரைப் பிடுங்குங்கள். வெளியே எடுக்கும் பேட்டரி என்றால் கழற்றுங்கள். பவர் பட்டனை 15 நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியுங்கள்.

ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இருக்காது. ஒரு அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதே இடத்தில் குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டையான துளையில் முறுக்கினால் மேலே கீபோர்டுப் பக்கம் முட்டி வீங்கும். எல்லாம் கழற்றியும் மூடி வரவில்லையா? பலத்தைக் காட்டாதீர்கள். ரப்பர் கால்களுக்கு அடியிலோ டிவிடி டிரைவை இழுத்தெடுத்த இடத்திலோ இன்னும் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். பிறகு ஏடிஎம் கார்டை விளிம்பில் செருகி, மெல்ல ஓட்டினால் கிளிப்புகள் டக் டக்கென்று விடும். மூடியைத் திறந்ததும் உள் பேட்டரியின் கனெக்டரைப் பிரியுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதை அழுத்தவோ நெம்பவோ கூடாது. வேலையை அங்கேயே நிறுத்திவிட்டுச் சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள்.

எதையும் தொடுமுன் ஜன்னல் கம்பி போன்ற வெறும் உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்குங்கள். ஹார்ட் டிஸ்க் ஒரு தகரச் சட்டத்தில் நான்கு ஸ்க்ரூவோடு உட்கார்ந்திருக்கும். அதைக் கனெக்டருக்கு எதிர்ப்பக்கமாகக் கிடைமட்டமாக இழுங்கள், மேல்நோக்கித் தூக்கக் கூடாது. சட்டத்தைக் கழற்றி எஸ்எஸ்டிக்கு மாட்டுங்கள். கனெக்டரை உற்றுப் பார்த்தால் அகலம் ஒன்றும் குறுகல் ஒன்றுமாக இரண்டு பட்டைகள் தெரியும். அகலமான 15 முனை மின்சாரத்துக்கு, 7 முனை தரவுக்கு. அதே திசையில் நேராகத் தள்ளி, இடைவெளி இல்லாமல் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். எஸ்எஸ்டி தெரியவில்லை என்ற புகார்களில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் முடியும்.

பழைய டிஸ்க்மேல் தேதி எழுதி ஒட்டி எடுத்து வையுங்கள்.

பூட் செய்தல்

பென் டிரைவைச் செருகி ஆன் செய்தவுடன் பூட் மெனு கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் எஃப்12. ஹெச்பியில் எஃப்9. ஆசுஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் முதலில் எஃப்2 அழுத்தி பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய் எஃப்12 பூட் மெனுவை எனேபிள் செய்தால்தான் அது வரும். மெனுவில் பென் டிரைவின் பெயர் இரண்டு முறை தெரிந்தால், யூஇஎஃப்ஐ என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுங்கள்.

பயாஸில் சாட்டா மோட் ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்று இருந்தால் ஏஎச்சிஐ என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் இன்ஸ்டாலர் டிஸ்க்கைக் காணாமல் போகலாம். மாற்றியதைக் குறித்து வையுங்கள், பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டி விண்டோஸில் எழுப்ப நேர்ந்தால் முன்பிருந்தபடி வைக்க வேண்டும். நிவிடியா கார்டு உள்ள லேப்டாப்பில் திரை கறுப்பாக நின்றால், ரீஸ்டார்ட் செய்து முதல் மெனுவில் கம்பேட்டிபிலிட்டி மோடைத் தேர்ந்தெடுங்கள்.

இன்ஸ்டால் செய்யாமலே மின்ட் திரை முழுதாக வரும். அவசரப்படாமல் இங்கேயே வைஃபை, ஒலி, கேமரா, டச்பேட், பிரிண்டர் எல்லாவற்றையும் சோதியுங்கள். பிரிண்டரை மறக்க வேண்டாம். நம் ஊர் அலுவலகங்களில் நிறைய இருக்கும் கேனான் எல்பிபி 2900 போன்ற பழைய லேசர் பிரிண்டர்கள் செருகியவுடன் ஓடாது. அவற்றுக்குத் தனி டிரைவர் தேடி அமைக்க வேண்டும். வைஃபை வராவிட்டாலும் கலங்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் உடனே இணையம் கிடைக்கும். பிராட்காம் சிப் உள்ள பழைய லேப்டாப்புகளுக்கு இன்ஸ்டாலுக்குப் பிறகு டிரைவர் மேனேஜரில் வைஃபை டிரைவர் காத்திருக்கும்.

எல்லாம் சரியென்றால் திரையில் உள்ள இன்ஸ்டால் ஐகானை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். மொழி, கீபோர்டு, மல்டிமீடியா கோடெக்ஸ் டிக் என்று வரிசையாக வரும். அடுத்து டிஸ்க்கை அழித்து நிறுவவா என்று கேட்கும். வழக்கமாகக் கை நடுங்கும் இடம் இது. இப்போது உள்ளே இருப்பது வெற்று எஸ்எஸ்டி மட்டும்தான் என்பதால் தைரியமாகச் சரி சொல்லலாம். டிஸ்க்கின் பெயரும் ஜிபி அளவும் எஸ்எஸ்டியுடையதுதானா என்று மட்டும் ஒருமுறை படியுங்கள், பென் டிரைவும் பட்டியலில் இருக்கலாம். நேர மண்டலம் கொல்கத்தா அல்லது உங்கள் ஊருக்கானது, பெயர், பாஸ்வேர்டு, பிறகு பெரும்பாலும் பதினைந்து இருபது நிமிடத்தில் முடியும். பென் டிரைவை எடுக்கச் சொல்லும்போது எடுத்து என்டர் தட்டுங்கள்.

ஏசர் லேப்டாப்புகள் சிலவற்றில் இதற்குப் பிறகு பூட் செய்ய எதுவும் இல்லை என்று வரும். பயாஸில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்று வைத்தால் செக்யூரிட்டி பகுதியில் யூஇஎஃப்ஐ கோப்பை நம்பகமானதாகச் சேர்க்கும் வரி திறக்கும். அதில் இஎஃப்ஐ ஃபோல்டர், உபுண்டு ஃபோல்டர் என்று போய் ஷிம் என்று தொடங்கும் கோப்பைச் சேர்த்துச் சேமித்தால் எழும். மின்ட் போட்டிருக்கும்போது உபுண்டு என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், மின்ட் அந்தப் பெயரைத்தான் பயன்படுத்துகிறது.

முதல் நாள் வேலைகள்

முதலில் டைம்ஷிஃப்ட். அது சிஸ்டத்தைப் படம் பிடித்து வைக்கும். ஏதாவது அப்டேட் கெடுத்தால் பின்னோக்கிப் போகலாம். வாரம் ஒன்று என எடுத்து, கடைசி இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் 240 ஜிபி சீக்கிரம் நிரம்பும். உங்கள் சொந்தக் கோப்புகளை அது காக்காது. பிறகு அப்டேட் மேனேஜரை ஓட்டுங்கள். எஸ்எஸ்டிக்குத் தேவையான டிரிம் (அழித்த கோப்புகளின் இடத்தை விடுவிக்கும்) வேலை வாரம் ஒருமுறை தானாக நடக்கும். அதற்கென்று எதுவும் நிறுவ வேண்டாம்.

தமிழ் தட்டச்சுக்கு சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவுங்கள். இன்புட் மெத்தட் கருவியில் ஐபஸைத் தேர்ந்து, லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். ஐபஸ் பிரிஃபரன்ஸில் ஆட் கொடுத்துத் தமிழைத் தேடினால் தமிழ்99, ஃபொனடிக், டைப்ரைட்டர் என்று பலதும் வரும். புதிதாகப் பழகுபவர்கள் தமிழ்99-ஐ எடுங்கள். உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் வலக்கையில். அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ என்ற நான்கே தட்டல். இரண்டு ம அடுத்தடுத்து வந்ததும் முதல் ம தானாகப் புள்ளி பெறும். பத்து நாளில் கை பழகிவிடும், பிறகு ஆங்கில எழுத்தில் யோசித்துத் தமிழ் அடிக்கும் பழக்கத்துக்குத் திரும்பவே தோன்றாது.

இப்போது பழைய டிஸ்க்கை யூஎஸ்பி கேஸில் போட்டு இணையுங்கள். யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயர், அதற்குள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ். முக்கியமானதை முதலில் காப்பி செய்யுங்கள், சினிமா கடைசியில். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் கிறுக்கலாகத் தெரிந்தால், பழைய விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்து இரட்டைக் கிளிக் செய்து நிறுவினால் லிப்ரே ஆஃபிஸில் சரியாகத் தெரியும்.

காப்பி முடிந்ததும் டிஸ்க்ஸ் என்ற கருவியில் அந்தப் பழைய டிஸ்க்கின் ஸ்மார்ட் (டிஸ்க்கின் உடல்நிலை) விவரத்தைத் திறங்கள். ரீஅலொகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்) எண்ணிக்கை பூஜ்யம் என்றால் அதையே பேக்கப் டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம். எண் இருந்து, வாரத்துக்கு வாரம் ஏறுகிறதென்றால் அதில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். எப்படியானாலும் ஒரு மாதமாவது அதை ஃபார்மேட் செய்யாமல் அப்படியே வைத்திருங்கள். மறந்துபோன ஒரு பான் கார்டு ஸ்கேனோ சான்றிதழோ மூன்றாவது வாரத்தில்தான் நினைவுக்கு வரும்.