சராசரியிலிருந்து எவ்வளவு தூரம்? இயல்நிலைப் பரவல், படிப்படியாக

சராசரி 50 என்று மட்டும் சொன்னால் தரவைப் பற்றிப் பாதிதான் தெரியும். எண்கள் 50-ஐ ஒட்டியே நிற்கின்றனவா, எட்டிச் சிதறிக் கிடக்கின்றனவா? அதைச் சொல்வது திட்ட விலக்கம். இதை ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள். அப்புறம் கணினியிடம் விட்டுவிடலாம்.

படி 1: திட்ட விலக்கம் காணுங்கள்

47, 49, 50, 51, 53 என்ற ஐந்து எண்களின் சராசரி 50. ஒவ்வொன்றிலிருந்தும் 50-ஐக் கழித்தால் −3, −1, 0, 1, 3. இவற்றை அப்படியே கூட்டினால் பூச்சியம்தான் வரும். எந்தத் தரவை எடுத்தாலும் இதே கதைதான். அதனால்தான் வர்க்கப்படுத்துகிறோம்: 9, 1, 0, 1, 9. கூடுதல் 20. ஐந்தால் வகுத்தால் 4, அதன் வர்க்கமூலம் 2. இந்த 2-தான் திட்ட விலக்கம். (பெரிய தொகுதியிலிருந்து எடுத்த மாதிரி என்றால் 5-க்குப் பதில் 4-ஆல் வகுப்பார்கள்.)

படி 2: வளைவை வரையுங்கள்

இயல்நிலைப் பரவல் என்பது, பெரும்பாலான எண்கள் சராசரியை ஒட்டிக் குவிந்து, இருபுறமும் ஒரேபோலக் குறைந்துகொண்டே போகும் பரவல்; வரைந்தால் மணி வடிவ வளைவு கிடைக்கும். ஐந்து எண்களை வைத்து அந்த வளைவை வரைய முடியாது. ஐக்யூ மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான ஐக்யூ தேர்வுகளில் சராசரி 100, திட்ட விலக்கம் 15 வரும்படி மதிப்பெண்ணை அமைக்கிறார்கள். நடுவில் 100-ஐக் குறித்து, இருபுறமும் பதினைந்து பதினைந்தாகத் தள்ளிக் கோடு போடுங்கள். இங்கே ஓர் அழகு இருக்கிறது: உச்சியிலிருந்து குடைபோலக் கவிழ்ந்து இறங்கும் வளைவு, மிகச் சரியாக 85-இலும் 115-இலும் திரும்பி, வெளிப்பக்கம் விரியத் தொடங்கும். திட்ட விலக்கத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்!

படி 3: விழுக்காட்டை நிரப்புங்கள்

85 முதல் 115 வரை மதிப்பெண் பெறுவோர் ஏறக்குறைய 68%. 70 முதல் 130 வரை 95%. 55 முதல் 145 வரை 99.7%. சராசரியும் திட்ட விலக்கமும் எதுவானாலும், பரவல் இயல்நிலையாக இருந்தால் இந்த மூன்றும் மாறாது.

படி 4: துண்டு போடுங்கள்

தேர்வில் பலர் தடுமாறுவது இங்கேதான். 115-க்கும் 130-க்கும் இடையே எத்தனை பேர்? 95-இல் 68 போனால் 27. அது இரு பக்கத்துக்கும் சேர்த்து; ஆகவே ஒரு பக்கம் 13.5%. 130-க்கு மேல்? மிச்சம் 5%, அதில் பாதி 2.5%. துல்லியமாகச் சொன்னால் 2.28%, அதாவது ஆயிரம் பேரில் சுமார் 23 பேர்.

படி 5: வடிவத்தைச் சரிபாருங்கள்

உண்மையில் இதை முதலிலேயே செய்ய வேண்டும். வருமானம் போன்ற தரவு ஒரு பக்கம் நீண்டு கிடக்கும். அங்கே 68, 95 கணக்கை நம்பக் கூடாது. அப்போது செபிஷேவ் தேற்றம் கைகொடுக்கும்: வடிவம் எப்படி இருந்தாலும், இரண்டு திட்ட விலக்கத்துக்குள் குறைந்தது 75% தரவு இருக்கும்.