அனிமேயில் பார்த்த தெருவை நேரில் போய்ப் பார்ப்பது எப்படி? யோத்சுயா படிக்கட்டிலிருந்து தொடங்குவோம்

மகோதோ ஷின்காய் இயக்கிய 'யுவர் நேம்' (2016) என்ற அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் படம், பார்த்தவர்களுக்குக் கடைசியில் வரும் படிக்கட்டு மறக்காது. சிவப்புக் கைப்பிடி, கீழே நெருக்கமாக வீடுகள், ஒருவர் ஏற இன்னொருவர் இறங்கி வருகிறார். அந்தப் படிக்கட்டு டோக்கியோவின் யோத்சுயா பகுதியில், சுகா ஜின்ஜா என்ற ஷிந்தோ (ஜப்பானின் பாரம்பரிய மதம்) கோயிலை ஒட்டி இருக்கிறது. டிக்கெட் கிடையாது, அக்கம்பக்கத்தார் நடக்கிற பொதுவழிதான். முதல்முறை போகிறவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன்.

படி 1: காட்சியை எடுத்து வையுங்கள்

ஓடிடி ஆப்களில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் பெரும்பாலும் கறுப்பாகத்தான் விழும். யூடியூபில் இருக்கும் அதிகாரபூர்வ டிரெய்லரை நிறுத்தி இரண்டு மூன்று படங்கள் எடுத்தால் போதும். அதில் இடம் மாறாத பொருள்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கைப்பிடி, மின்கம்பம், சுவரின் விளிம்பு.

படி 2: வீட்டிலிருந்தே ஒருமுறை நடந்து பாருங்கள்

கூகுள் மேப்ஸில் சுகா ஜின்ஜாவைத் தேடி, ஸ்ட்ரீட் வியூவில் சுற்றுத் தெருக்களைப் பாருங்கள். வேறு அனிமே என்றால், படத்தின் ஜப்பானியப் பெயரோடு 'செய்ச்சி ஜுன்ரெய்' என்பதையும் ஜப்பானிய எழுத்தில் சேர்த்துத் தேடுங்கள். 'புனிதத் தல யாத்திரை' என்று பொருள். அங்குள்ள ரசிகர்கள் இந்தப் பயணத்தை அப்படித்தான் சொல்கிறார்கள். ஜப்பானின் அனிமே சுற்றுலாச் சங்கம் வெளியிடும், அனிமேயோடு தொடர்புள்ள 88 இடங்களின் பட்டியலும் உதவும்.

படி 3: வழி

மெட்ரோவின் மருனோவுச்சி தடத்தில் யோத்சுயா-சன்சோமே நிலையம் பக்கம். ஆனால் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ரயிலில் வந்து ஷினனோமாச்சி நிலையத்தில் இறங்குங்கள் என்பேன். நிலையத்துக்கு எதிரே இருக்கும் நடைமேம்பாலமும் படத்தில் வருகிறது. உடன் வேலை செய்யும் ஒகுதேரா கிளம்பிப் போனபின் நாயகன் தாகி போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பானே, அந்த இடம். அங்கிருந்து மேடும் பள்ளமுமான குறுகிய தெருக்கள் வழியாகக் கால் மணி நேரத்துக்குள் படிக்கட்டுக்குப் போய்விடலாம்.

படி 4: படத்தைப் பொருத்துங்கள்

பொறுமை வேண்டிய வேலை இதுதான். போனின் சாதாரண லென்ஸ் அகலமாகப் பிடிப்பதால் படிகள் தள்ளிப்போய், சரிவு குறைந்த மாதிரி தெரியும். 2x ஜூம் வைத்துக்கொண்டு பின்னால் நகருங்கள். படிகள் நெருங்கி, செங்குத்தாக எழும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பொருத்தப் பார்க்காதீர்கள். முதலில் கைப்பிடிக் கோடு படச்சட்டத்தின் எந்த மூலையில் தொடங்குகிறது என்று பாருங்கள். அது சரியாக வந்தபின் போனை உயர்த்தியும் தாழ்த்தியும் மேல்விளிம்பைச் சரிசெய்யுங்கள். எடுத்து வைத்த காட்சியை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தால் போனை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியிருக்காது. அப்படியும் சில பொருந்தாது. வரைந்தவர்கள் ஒளியையும் வானத்தையும் தங்கள் விருப்பப்படி மாற்றியிருப்பார்கள். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும்போதுதான், அவர்கள் எதை விட்டார்கள், எதைக் கூட்டினார்கள் என்பது புரியும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

படி 5: அங்கே குடியிருப்பவர்களை மறக்காதீர்கள்

'ஸ்லாம் டங்க்' என்ற அனிமே தொலைக்காட்சித் தொடரின் தொடக்கப் பாட்டில் வரும் காமகுரா-கோகோ-மாயே ரயில்வே கேட்டில், படம் எடுக்க வருகிறவர்கள் சாலையிலேயே இறங்கி நிற்கிறார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்தக் காவலாளிகளை நிறுத்தும் அளவுக்குப் போய்விட்டது. யோத்சுயாவுக்கு அந்த நிலை வரக்கூடாது. யாராவது படியேறி வந்தால் ஓரமாக ஒதுங்குங்கள். ட்ரைபாட் வேண்டாம். வீட்டு ஜன்னலும் காயப்போட்ட துணியும் படத்தில் விழாமல் பாருங்கள். சத்தமாகப் பேசாதீர்கள். தெருவில் குப்பைத்தொட்டி கிடைப்பது அரிது, அதனால் பையில் ஒரு கவர் இருக்கட்டும்.

அப்புறம், படிக்கட்டோடு திரும்பிவிடாமல் கோயிலுக்குள்ளும் போங்கள். காசு போட்டு, இரண்டு முறை தலைவணங்கி, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை வணங்குவது அங்குள்ள முறை. வேண்டுதல் எழுதித் தொங்கவிடும் மரப்பலகைகளில் ரசிகர்கள் வரைந்த படங்களையும் பார்க்கலாம்.

நேரம் மிச்சம் இருந்தால் ஷின்ஜுகுவிலிருந்து கெய்யோ ரயிலில் சுமார் அரை மணி நேரத்தில் செய்செகி-சகுரகாவோகா. 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்' (1995) என்ற அனிமே படத்துக்கு மாதிரியாக இருந்த ஊர். இரோஹாசகா என்ற வளைந்து வளைந்து ஏறும் சாலையைத் தேடுங்கள். நல்ல ஏற்றம், அதனால் தண்ணீர் பாட்டிலை நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.