பள்ளிக்கூட வளவும் உயிரியலும்: நாங்கள் விடுகிற பிழைகள்

காலை ஏழரைக்கு யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் எதற்குள் நுழைந்தாலும் விளக்குமாற்றுச் சத்தம் கேட்கும். மணலில் கோடு கோடாகத் தடம். மூலையில் சருகுக் குவியல் புகைந்துகொண்டிருக்கும். மூன்றாம் பாடவேளையில் அதே பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார்: ‘பிரிகையாக்கிகள்’, அதாவது சருகையும் செத்ததையும் உக்கவைக்கும் உயிர்கள். கறையானும் மண்புழுவும் பங்கசும் காலையிலேயே எரிந்து முடிந்திருக்கும்.

சுத்தத்தோடு எனக்குச் சண்டை இல்லை. வேம்புக்குக் கீழே ஒரு பாய் அகலத்துக்காவது கூட்டாமல் விடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். மழை பெய்து நாலு நாளுக்குப் பிறகு பிள்ளைகள் அதைக் கிளறிப் பார்க்கட்டும். தடியால்தான், கையால் வேண்டாம், தேள் கிடக்கும்.

அடுத்த பிழை, கண்ணுக்கு முன்னால் நிற்பதை விட்டுவிட்டுப் புத்தகத்தில் இருப்பதை மட்டும் படிப்பிப்பது. ஒருவித்திலை வித்து (உள்ளே ஒரே ஒரு வித்திலை, அதாவது முளையின் முதல் இலை, உள்ளது) எப்படி முளைக்கிறது என்று கேட்டால் சோளத்தைப் படம் கீறுவார்கள். பின்னேரம் வீட்டில் அதே பிள்ளை கொட்டையை வெட்டிப் பூரான் தின்னும். (தமிழகத்து வாசகர்கள் பதற வேண்டாம், இது பூச்சி இல்லை. முளைத்த பனங்கொட்டைக்குள் இருக்கும் வெள்ளைப் பஞ்சு.) அந்தப் பூரான் வித்திலையின் ஒரு பகுதி. கல்லுப்போல இறுகிய வித்தகவிழையத்தை, அதாவது முளைக்கென்று வித்துக்குள் சேர்த்து வைத்த உணவை, கரைத்து உறிஞ்சித்தான் அது கொட்டைக்குள் பருக்கிறது. அதே வித்தகவிழையம் இளசாக இருந்தபோது நுங்கு. உறிஞ்சிய உணவு கீழே இறங்கிச் சேருமிடம் கிழங்கு. வளவின் ஓரத்தில் சின்னதாக ஒரு பாத்தி போட்டு, கிழமைக்கு ஒரு கொட்டையைக் கிண்டி எடுத்து வெட்டிப் பார்த்தால் போதும், செலவே இல்லை. ஆண்பனை, பெண்பனை விசயமும் அப்படியே. வடலி பூக்கும்வரை எது எதுவென்று பார்த்துச் சொல்ல முடியாது என்பதைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகூட வகுப்பில் சொல்லாது. யாரும் கேட்பதில்லையே.

சுற்றுலாவும் ஒரு பிழைதான், அதாவது கேள்வி ஒன்றும் கையில் இல்லாமல் போவது. முந்நூறு கிலோமீற்றர் தாண்டிப் பேராதனைப் பூங்காவுக்குப் போய், படம் எடுத்துக்கொண்டு திரும்பும் பிள்ளைகள், பண்ணைப் பாலத்தடியில் சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல மேலே நிற்கும் கண்டல் வேர்களை பஸ் யன்னலால் பார்த்தபடி கடந்துபோவார்கள். அந்த வேர் ஏன் மேல்நோக்கி வளர்கிறது என்ற ஒரே கேள்வியோடு அரைநாள் அங்கே நின்றால் சுவாசம், சூழற்றொகுதி என்ற இரண்டு பாடமுமே நடந்துவிடும். தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் என்றால் உயர்தரப் பிள்ளைக்கு ஞாபகம் வருவது அது தயாரிக்கும் தவணைப் பரீட்சை வினாத்தாள்தான். பெயரில் இருக்கிற ‘வெளிக்களம்’ யார் கண்ணிலும் படுவதில்லை.

மாரி தொடங்கினால் டெங்குப் பயம். சிரட்டை, தயிர்ச்சட்டி, டயர் எல்லாவற்றையும் கவிழ்க்கத்தான் வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பே கூடாது. ஆனால் கவிழ்க்க முதல் ஒரு போத்தலில் கொஞ்சம் தண்ணீர் அள்ளி இறுக்கி மூடுங்கள். நுளம்பின் குடம்பி, அதாவது புழு, தலைகீழாகத் தொங்கி வால்பக்கக் குழாயால் மூச்செடுப்பதையும் கூட்டுப்புழுவாக மாறுவதையும் பார்த்த பிறகு கொதிநீர் ஊற்றிவிடலாம். ‘டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில் மட்டும் வளரும்’ என்று படிப்பிக்கவும் வேண்டாம். இலங்கைக் கரையோரத்தில் டெங்கு நுளம்பு உவர்ப்புக் கலந்த நீரிலும் வளர்வதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2011இல் எழுதிவிட்டார்கள். கடலேரியைச் சுற்றிக் குடியிருக்கிற எங்களுக்கு அது சின்ன விசயம் இல்லை.

கடைசியாக நேரசூசி. உயிரியலைக் கடைசிப் பாடவேளையில், தகரக் கூரைக்குக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று குறை சொல்வோம். பங்குனி, சித்திரை வெயிலில் ஆசிரியருக்கே கண் சொருகும். அந்த வகுப்பை மரத்தடிக்குக் கொண்டுபோங்கள். கரும்பலகை இல்லையென்றால் என்ன, படம் கீற மணல் இருக்கிறது. அதைத்தான் காலையிலேயே வடிவாகக் கூட்டி வைத்திருக்கிறோமே.