பகிர்ந்த விர்ச்சுவல் மெஷினில் டெஸ்ட் செய்யும்போது சறுக்கும் இடங்கள்

புதிய நெட்வொர்க் சர்வீஸை லைவுக்கு அனுப்பும் முன் பகிர்ந்த விர்ச்சுவல் மெஷின்களில் ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அங்கே வரும் எண்களில் எது நம் சர்வீஸால் வந்தது, எது அதே ஹோஸ்டில் (விர்ச்சுவல் மெஷின்களைத் தாங்கும் நிஜ கம்ப்யூட்டரில்) ஓடும் மற்றவர்களால் வந்தது என்று பிரிக்காமலே பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள்.

லேட்டன்சி, அதாவது பதில் வர ஆகும் நேரம், எகிறியதும் புரோகிராம் கோடைத் திருத்தப் போகாதீர்கள். லினக்ஸின் டாப் கமாண்டில் சிபியு வரியின் கடைசியில் ‘எஸ்டி’ என்று ஒரு சதவீதம் இருக்கும். நம் மெஷின் ஓடத் தயாராக இருந்தும் ஹைப்பர்வைசர் (ஹோஸ்டை விர்ச்சுவல் மெஷின்களுக்குப் பங்கிடும் மென்பொருள்) சிபியுவை வேறு யாருக்கோ கொடுத்துவிட்ட நேரம் அது. 10, 15 என்று நின்றால் அந்த ரிசல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு நேரத்தில் ஓட்டுங்கள். பூஜ்யம் காட்டினாலும் நிம்மதி வேண்டாம். டிஸ்க் நெரிசலும் நெட்வொர்க் நெரிசலும் அதில் தெரியாது.

அதிகம் தலைவலி தருவது எம்டியு, அதாவது ஒரு பாக்கெட் அதிகபட்சம் எத்தனை பைட் இருக்கலாம் என்ற வரம்பு. பொது நெட்வொர்க்கின் மேலேயே நமக்கென்று தனி நெட்வொர்க் போட்டுத் தரும் விஎக்ஸ்லான் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 50 பைட் கூட்டுகிறது. கீழே இருக்கும் நெட்வொர்க் 1500 என்றால் நமக்கு மிஞ்சுவது 1450. மெஷினில் 1500 என்றே விட்டிருந்தால் பிங் போகும், டிசிபி கனெக்‌ஷனும் கிடைக்கும், அப்புறம் சர்டிஃபிகேட் வரும் பெரிய பாக்கெட்டில் எல்லாம் அப்படியே தொங்கும். நடுவில் யாராவது ஐசிஎம்பியை (‘பாக்கெட் பெரிது’ போன்ற எரர்களைச் சொல்லும் புரோட்டோகாலை) அடைத்திருந்தால் எரர்கூட வராது. 1450 போகிறதா என்று பார்க்க, பாக்கெட்டைத் துண்டாக்கத் தடை போட்டு 1422 பைட் டேட்டாவுடன் ஒரு பிங் அடித்தால் போதும். ஹெடர் 28 பைட் சேர்ந்து சரியாக 1450.

மோசமான நெட்வொர்க்கைப் போலக் காட்ட, லினக்ஸின் நெட்எம் கருவியை வைத்துத் தாமதம் சேர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது வெளியே போகும் பாக்கெட்டைத்தான் பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் 50 மில்லிசெகண்ட் வைத்தால் போய்வரும் நேரம் 50தான் கூடும், 100 இல்லை.

கடைசியாக, இடம் நம்முடையது இல்லை என்பதை மறப்பது. 2002 முதல் 2020 வரை இயங்கிய, ஆராய்ச்சியாளர்கள் பகிர்ந்து பயன்படுத்திய சோதனை நெட்வொர்க்கான பிளானட்லேபில் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சர்வர்கள் இருந்தன, பெரும்பாலும் பல்கலைக்கழகங்களில். ஒரு ஆராய்ச்சியாளர் அனுப்பும் அளவீட்டு பாக்கெட்டுகளைத் தாக்குதல் என்று நினைத்து யாராவது புகார் செய்தால், அது போய்ச் சேர்ந்தது சர்வரை வைத்திருந்த கல்லூரிக்கு. எனவே வேகத்துக்கு ஒரு உச்சவரம்பு போடுங்கள். பாக்கெட் கிளம்பும் ஐபியிலேயே, இது என்ன சோதனை, நிறுத்தச் சொல்ல யாருக்கு எழுதுவது என்று சொல்லும் சின்ன வெப் பக்கம் ஒன்றும் இருக்கட்டும்.