கையெழுத்துக்கு மேலே ஒரு சிவப்பு வரி

கலிஃபோர்னியாவில் புதிய மருத்துவரிடம் முதன்முறை செல்பவருக்கு வரவேற்பறையில் தரப்படும் தாள்களில், காப்பீட்டு விவரத்துக்கும் சிகிச்சை ஒப்புதலுக்கும் நடுவே ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தமும் பல இடங்களில் இருக்கும். அதையும் ஒப்புதல் படிவம் என்றே எண்ணிக் கையெழுத்திடுவதுதான் முதல் தவறு. மருத்துவரின் கவனக்குறைவால் பாதிப்பு நேர்ந்தால், ஜூரியோ நீதிபதியோ விசாரிக்க வேண்டாம், தனியார் நடுவர்களே முடிவு செய்யட்டும் என்று நோயாளி முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது அது. நடுவர் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு தீர்ப்பளித்தாலும், நீதிமன்றம் அதில் தலையிடுவது மிக அரிது.

இதைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே 1975ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 1295ஆம் பிரிவு, கையெழுத்துக் கோட்டுக்கு நேர் மேலே, குறைந்தது 10 புள்ளி அளவில், தடித்த சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்கிறது. கையெழுத்துப் பெட்டியை மட்டும் காட்டி டேப்லெட்டை நீட்டினால், முழுப் பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அன்றைய சிகிச்சைக்கு மட்டுமே அந்த ஒப்பந்தம் பொருந்தும் என்று நினைப்பது அடுத்த தவறு. ஒருமுறை கையெழுத்திட்டவர் சுமார் இரண்டு ஆண்டுகள் கழித்து, வேறொரு உபாதைக்காக அதே மருத்துவரிடம் வந்தபோதும் பழைய ஒப்பந்தமே அவரைக் கட்டுப்படுத்தும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2007இல் கூறியது. போதாக்குறைக்கு, வழக்கமான படிவத்தின் கடைசியில், ஏற்கெனவே பெற்ற சிகிச்சைக்கும் இது பொருந்த வேண்டுமானால் இனிஷியல் போடுமாறு கேட்கும் சிறிய கட்டம் ஒன்று உண்டு. அவசரச் சிகிச்சை முடிந்த பின் தாளை நீட்டினால், வேண்டுமென்றே போடுவதாக இருந்தாலன்றி அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.

செலவையும் பலர் கேட்பதில்லை. இரு தரப்பும் ஆளுக்கொரு நடுவரை நியமித்து, மூன்றாவது பொது நடுவரின் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்வதே அந்தப் படிவத்தின் ஏற்பாடு; நீதிபதிக்கு இப்படி யாரும் கட்டணம் தருவதில்லை. நீதிமன்றத்தைவிட விரைவில் முடியும் என்பது பல நேரங்களில் உண்மைதான், ஆனால் அது உத்தரவாதம் அல்ல.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்காக மகன் கையெழுத்திடுவது நம் குடும்பங்களில் சாதாரணம். சுயநினைவோடு இருக்கும் தாயின் சார்பில் கையெழுத்திட மகனுக்கு அதிகாரம் உண்டா என்பதே பின்னாளில் பெரும் வழக்காகலாம்; ஆகவே அம்மாவிடம் தமிழில் விளக்கி, அவரையே முடிவெடுக்கச் சொல்வது நல்லது. நோயாளி இட்ட கையெழுத்து, அவர் இறந்துவிட்டால் வழக்குத் தொடுக்கும் பிள்ளைகளையும் கட்டுப்படுத்தக்கூடும் என்று அதே மாநில உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்துள்ளது.

கையெழுத்திட்டுவிட்டோம், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று விட்டுவிடுவதுதான் எல்லாவற்றிலும் வருந்தத்தக்க தவறு. கையெழுத்திட்ட நாளிலிருந்து 30 நாள்களுக்குள் எழுத்து மூலம் விலகிக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. வாய்மொழியாக வரவேற்பறையில் சொன்னால் போதாது. பெயர், பிறந்த தேதி, கையெழுத்திட்ட தேதி ஆகியவற்றுடன் ஒப்பந்தத்தை ரத்து செய்வதாக ஒரே வரி எழுதி, ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபாலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். முப்பதாம் நாள் தபாலில் போட்டால் பயனில்லாமல் போகலாம். அதற்குள் கடிதம் மருத்துவரிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.