மண் இயக்கவியல்: ஒரே ஒரு மண் மாதிரியைக் கொண்டு அடிப்படைகளைக் கற்போம்

எஃகையும் கான்கிரீட்டையும் படித்துவிட்டு மண் இயக்கவியல் வகுப்புக்குள் நுழையும் மாணவர்களில் பலர் முதல் சில வாரங்களிலேயே தடுமாறிவிடுகிறார்கள். எஃகின் வலிமையை ஆலையே சோதித்துச் சொல்லிவிடுகிறது. கான்கிரீட்டின் வலிமையைக் கலவை விகிதத்தால் நாமே தீர்மானிக்கிறோம். மண்ணோ நாம் போவதற்கு முன்பே அந்த இடத்தில் கிடக்கிறது, அதன் வலிமை என்ன என்பதை நாம்தான் தேடிக் கண்டறிய வேண்டும், அவ்வாறு கண்டறிந்த வலிமையும் மழைக்கு முன் ஒன்றாகவும் மழைக்குப் பின் வேறொன்றாகவும் இருக்கும். இந்த மாற்றத்துக்குக் காரணம் துகள்களுக்கு இடையே நிற்கும் நீர். மேலிருந்து வரும் பாரத்தில் எவ்வளவைத் துகள்கள் தாங்குகின்றன, எவ்வளவை நீர் தாங்குகிறது என்ற கேள்வியை ஒவ்வொரு பாடத்திலும் மறவாமல் கேட்டு வந்தால், தனித்தனியாகத் தோன்றும் சூத்திரங்கள் எல்லாம் ஒரே கதையின் பகுதிகளாகத் தெரியத் தொடங்கும்.

இந்தப் பாடத்தில் ஒரே ஒரு மண் மாதிரியை எடுத்துக்கொண்டு, அதைக் கையால் தொட்டுப் பார்ப்பதில் தொடங்கி நறுக்கு வலிமையை, அதாவது மண் சறுக்கிச் சரிவதை எதிர்க்கும் வலிமையைக் கணக்கிடுவது வரை செல்வோம். ஒரு தாளும் கால்குலேட்டரும் பக்கத்தில் இருக்கட்டும். எண்களை வாசித்துக் கடந்துவிடாமல் ஒவ்வொன்றையும் நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும்.

படி 1: கையில் எடுத்துப் பாருங்கள்

ஆய்வகத்துக்குப் போவதற்கு முன் கையே முதல் கருவி. மண்ணில் சிறிது நீர் சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கையில் ஒரு வில்லையாக வைத்து, அந்தக் கையின் பக்கவாட்டில் மறு கையால் சில முறை தட்டுங்கள். வண்டல் மண்ணாக இருந்தால் நீர் மேலே கசிந்து வில்லையின் முகம் பளபளக்கும். விரல்களால் இலேசாக அழுத்தியதும் அந்தப் பளபளப்பு சட்டென்று மறைந்துவிடும். களிமண்ணாக இருந்தால் எவ்வளவு தட்டினாலும் எதுவும் நிகழாது. அடுத்து, நன்கு உலர்ந்த ஒரு கட்டியை விரல்களுக்கு இடையே நசுக்கிப் பாருங்கள்: வண்டல் கட்டி எளிதாகப் பொடியாகும், களிமண் கட்டி விரல் நோகுமளவு எதிர்த்து நிற்கும். நம் மாதிரி தட்டியபோது அசையவில்லை, உலர்ந்த கட்டியும் உடையவில்லை. ஆகவே களிமண் என்று பென்சிலால் குறித்துக்கொள்வோம். படி 5இல் இதைச் சரிபார்ப்போம்.

படி 2: எடை போடுங்கள்

1000 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உள்ள உருளை வெட்டியைத் தரையில் இறக்கி எடுத்த மாதிரி இது. எடுத்தவுடன் அதன் நிறை 1890 கிராம். அதை 105 முதல் 110 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உள்ள உலர்த்தும் அடுப்பில் 24 மணி நேரம் வைத்து எடுத்தபின் 1575 கிராம். நடைமுறையில் ஒரு சிறு பகுதியை மட்டுமே உலர்த்துவார்கள். கணக்கு எளிதாக இருக்க முழு மாதிரியையும் உலர்த்தியதாகக் கொள்கிறோம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். அடுப்பிலிருந்து எடுத்த டப்பாவைச் சூட்டோடு தராசில் வைக்கக் கூடாது. சூடான டப்பாவைச் சுற்றி மேலெழும் காற்று தட்டை இலேசாகத் தூக்குவதால் நிறை குறைவாகக் காட்டும். ஆகவே உலர்கலத்துக்குள் (ஈரம் புகாத மூடிய கலம்) வைத்து ஆறவிட்ட பிறகே நிறுக்க வேண்டும். ஜிப்சம் கலந்த மண்ணை இதே வெப்பத்தில் உலர்த்தினால், படிகத்தோடு பிணைந்த நீரும் வெளியேறி விடை பிழையாகிவிடும். அத்தகைய மண்ணுக்குக் குறைந்த வெப்பம் வேண்டும்.

போன நீர் 1890 − 1575 = 315 கிராம். ஈரப்பத அளவு என்பது நீரின் நிறையை உலர்ந்த மண்ணின் நிறையால் வகுத்துப் பெறுவது: 315 ÷ 1575 = 0.20, அதாவது 20 சதவீதம். மாணவனாக இருந்தபோது என் முதல் ஆய்வக ஏட்டில் ஈரமண்ணின் நிறையால் வகுத்து, அந்த ஒரு பிழையால் ஏடு முழுவதையும் மறுபடி எழுத நேர்ந்தது. உலர்ந்த நிறையால் ஏன் வகுக்க வேண்டும் என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு: நீர் கூடினாலும் குறைந்தாலும் துகள்களின் நிறை மாறுவதில்லை, மாறாத ஒன்றைக் கொண்டு மாறுவதை அளந்தால்தான் ஒப்பிட முடியும். இதனால் ஈரப்பத அளவு 100 சதவீதத்தைத் தாண்டவும் கூடும். மெக்சிகோ நகரத்தின் ஏரிப்படுகைக் களிமண்ணில் அது 300 சதவீதத்தையும் தாண்டுகிறது.

படி 3: மாதிரியை மூன்றாகப் பிரித்து வரையுங்கள்

இந்தப் பாடத்திட்டத்தில் வேறெதை அவசரமாகக் கடந்தாலும் இந்தப் படத்தை அவசரமாகக் கடக்காதீர்கள். ஒரு செவ்வகம் வரைந்து, கீழே துகள்கள், நடுவே நீர், மேலே காற்று என்று மூன்று அடுக்குகளாகப் பிரியுங்கள். இடப்பக்கம் கன அளவுகளையும் வலப்பக்கம் நிறைகளையும் எழுதுங்கள். உண்மையான மண்ணில் மூன்றும் கலந்தே கிடக்கின்றன. கணக்குக்காக மட்டும் அவற்றைப் பிரித்து அடுக்குகிறோம்.

வலப்பக்கம் நமக்கு முன்பே தெரியும்: துகள்கள் 1575 கிராம், நீர் 315 கிராம், காற்றுக்கு நிறை இல்லை என்றே கொள்ளலாம். இடப்பக்கத்துக்குத் துகள்களின் ஒப்படர்த்தி, அதாவது அவை நீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தியானவை என்ற எண் வேண்டும். ஆய்வகத்தில் அது 2.70 என்று கிடைத்திருக்கிறது. ஆகவே துகள்களின் கன அளவு 1575 ÷ 2.70 = 583.3 கன சென்டிமீட்டர். மொத்தம் 1000 என்பதால் எஞ்சிய 416.7 கன சென்டிமீட்டர் வெற்றிடம். நீரின் அடர்த்தி 1 என்பதால் அதில் 315ஐ நீர் நிரப்பியிருக்கிறது, மீதி 101.7 காற்று. படம் முடிந்தது.

பாடநூலில் ஒரு பக்கம் நிறைய வரும் வரையறைகளை இப்போது படத்தைப் பார்த்தே எழுதிவிடலாம். வெற்றிடத்தைத் துகள்களின் கன அளவால் வகுத்தால் வெற்றிட விகிதம்: 416.7 ÷ 583.3 = 0.714. அதே வெற்றிடத்தை மொத்தக் கன அளவால் வகுத்தால் நுண்துளைமை: 41.7 சதவீதம். வெற்றிடத்தில் நீர் நிரப்பிய பங்கு நீர்நிறைவு அளவு: 315 ÷ 416.7 = 75.6 சதவீதம். விடைகள் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நீர்நிறைவு அளவை வெற்றிட விகிதத்தால் பெருக்கினால் கிடைப்பதும், ஈரப்பத அளவை ஒப்படர்த்தியால் பெருக்கினால் கிடைப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்: 0.756 × 0.714 = 0.54, 0.20 × 2.70 = 0.54. இந்தச் சமன்பாட்டை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, இரண்டும் நீரின் கன அளவைத் துகள்களின் கன அளவால் வகுத்ததே என்பதைப் படமே காட்டிவிடும்.

எடைக்கு வருவோம். மாதிரியின் அடர்த்தி 1.89, அதை ஈர்ப்பு முடுக்கமான 9.81ஆல் பெருக்கினால் கன மீட்டருக்கு 18.5 கிலோநியூட்டன். வெற்றிடம் முழுவதும் நீரால் நிரம்பினால் நிறை 1575 + 416.7 = 1991.7 கிராம் ஆகும். அப்போது கன மீட்டருக்கு 19.5 கிலோநியூட்டன். இந்த இரண்டு எண்களும் படி 6இல் தேவைப்படும்.

படி 4: துகள் அளவு

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 4.75 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவை சரளை, அதற்குக் கீழே 0.075 மில்லிமீட்டர் வரை மணல், அதற்கும் கீழே 0.002 மில்லிமீட்டர் வரை வண்டல், அதனினும் நுண்ணியவை களி. மணல் வரை சல்லடை போதும். அதற்குக் கீழே சல்லடை உதவாது என்பதால், நீரில் கலக்கிவிட்ட துகள்கள் படியும் வேகத்திலிருந்து அவற்றின் அளவைக் கணிக்கிறார்கள். பெரிய துகள் விரைவாகவும் சிறிய துகள் மெதுவாகவும் இறங்கும் என்ற ஸ்டோக்ஸ் விதியே இதற்கு அடிப்படை.

படி 5: களிமண்ணிடம் நீரைப் பற்றிக் கேளுங்கள்

களிமண்ணின் நடத்தையைத் துகள் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. நீரோடு அது எப்படிப் பழகுகிறது என்பதையும் அறிய வேண்டும். சுவீடன் நாட்டு வேதியியலாளர் ஆல்பர்ட் அட்டர்பெர்க் 1911இல் இதற்கான எல்லைகளை வகுத்தார். பிசைந்த மண்ணைக் கண்ணாடித் தட்டின் மேல் உள்ளங்கையால் உருட்டித் திரியாக்குங்கள். 3 மில்லிமீட்டர் தடிமன் வரும்போது திரி விரிசலிட்டு உதிரத் தொடங்குமானால், அப்போதைய ஈரப்பத அளவே குழைவு எல்லை. நீர்ம எல்லைக்கு, அதாவது மண் திரவம்போல் ஓடத் தொடங்கும் ஈரப்பத அளவுக்கு, கசாகிராண்டே கிண்ணம் என்ற கருவி: மண்ணில் கீறிய பள்ளம், கிண்ணத்தை 10 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து 25 முறை விழச் செய்யும்போது மூடிக்கொள்ளும் ஈரப்பத அளவு அது.

நம் மாதிரிக்கு நீர்ம எல்லை 48, குழைவு எல்லை 22 என்று கொள்வோம். இரண்டின் வித்தியாசமான 26 குழைவு எண். வகைப்பாட்டு வரைபடத்தில் களியையும் வண்டலையும் பிரிக்கும் கோடு, இந்த நீர்ம எல்லைக்கு 0.73 × (48 − 20) = 20.4 என்ற மதிப்பில் நிற்கிறது. நம் குழைவு எண் அதற்கு மேலே இருப்பதால் இது களிமண்தான். படி 1இல் பென்சிலால் எழுதியதை இப்போது பேனாவால் எழுதலாம்.

இந்த எண்களை அட்டவணையில் எழுதி மூடிவிடாமல் படி 3உடன் சேர்த்துப் பாருங்கள். இப்போதைய ஈரப்பத அளவான 20, குழைவு எல்லைக்குக் கீழே இருக்கிறது. அதனால்தான் மண் இறுகி நிற்கிறது. காற்று இருக்கும் 101.7 கன சென்டிமீட்டரையும் மழைநீர் நிரப்பினால், மண் உப்பவில்லை என்று வைத்துக்கொண்டாலும், ஈரப்பத அளவு 416.7 ÷ 1575 = 26.5 சதவீதம் ஆகிவிடும். அது 22ஐத் தாண்டிவிட்டது. அதே மண் இப்போது விரலுக்கு இணங்கும்.

படி 6: பாரத்தை யார் தாங்குகிறார்கள்?

இனிதான் பாடத்தின் நெஞ்சு. கார்ல் டெர்சாகி 1925இல் வியன்னாவில் வெளியிட்ட நூலோடுதான் மண் இயக்கவியல் தனித்துறையாக உருவெடுத்தது என்பது பொதுவான கருத்து. அவர் நிலைநிறுத்திய கொள்கை ஒரே வரியில் அடங்கும்: மொத்தத் தகைவிலிருந்து (ஓர் அலகுப் பரப்பின் மேல் வரும் மொத்தப் பாரம்) நுண்துளை நீர் அழுத்தத்தை, அதாவது நீர் தாங்கும் பங்கைக் கழித்தால் கிடைப்பதே துகள்கள் தாங்கும் பயனுறு தகைவு, மண் அமுங்குவதும் அதன் வலிமை மாறுவதும் இந்தப் பயனுறு தகைவையே பொறுத்தவை.

நம் மண் ஆழமாகப் பரந்திருக்கிறது, நிலத்தடி நீர்மட்டம் 2 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, 6 மீட்டர் ஆழத்தில் உள்ள ஒரு புள்ளியை ஆராய்கிறோம் என்று கொள்வோம். நீர்மட்டத்துக்கு மேலே நீர் நுண்துளைகளில் ஏறி நிற்பதால் வரும் விளைவை இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம். மொத்தத் தகைவு: 2 × 18.5 + 4 × 19.5 = 115 கிலோபாஸ்கல். நீர் அழுத்தம் (ஒரு கன மீட்டர் நீரின் எடை 9.81 கிலோநியூட்டன்): 4 × 9.81 = 39.2. பயனுறு தகைவு: 75.8 கிலோபாஸ்கல்.

பெருமழையில் நீர்மட்டம் தரை வரை ஏறிவிடுகிறது. மொத்தத் தகைவு 6 × 19.5 = 117, நீர் அழுத்தம் 6 × 9.81 = 58.9, பயனுறு தகைவு 58.1. மொத்தப் பாரம் சற்றே கூடியிருக்கும்போது துகள்களுக்கு இடையேயான பிடிப்பு ஏறத்தாழ கால் பங்கு குறைந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். இப்போது வெள்ளம் வந்து தரைக்கு மேல் 3 மீட்டர் நீர் நிற்கிறது. மொத்தத் தகைவில் 29.4 கூடும், நீர் அழுத்தத்திலும் அதே 29.4 கூடும், பயனுறு தகைவு அதே 58.1தான். ஆழ்கடலின் அடியில், தலைக்கு மேல் பல கிலோமீட்டர் நீர் நின்றும், சேறு கூழாகவே கிடப்பதற்கு இதுவே காரணம்.

மறுதிசையில், நீரை இறைத்து நீர்மட்டத்தை 6 மீட்டருக்கு இறக்கினால் பயனுறு தகைவு 6 × 18.5 = 111 ஆக உயரும். மேலே ஒரு செங்கல்லைக்கூட வைக்காமலேயே மண்ணின் மேல் பாரத்தை ஏற்றிவிட்டோம். மெக்சிகோ நகரம் பல மீட்டர் கீழே இறங்கியதற்கு நிலத்தடி நீரை இறைத்ததே முதன்மைக் காரணம்.

படி 7: காலத்தைக் கணக்கில் சேருங்கள்

நீர் நிரம்பிய களிமண்ணின் மேல் ஒரு கட்டடம் எழும்பும்போது, புதிய பாரத்தை முதலில் நீரே ஏற்கிறது. களியின் நுண்துளைகள் மிகச் சிறியவை என்பதால் அந்த நீர் வெளியேற மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். அது வெளியேற வெளியேறப் பாரம் துகள்களுக்கு மாறி, மண் இறுகி, தரை தாழ்கிறது. இதற்கு ஆகும் காலம் நீர் கடக்க வேண்டிய தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. களி அடுக்கு இரு மடங்கு தடிமனானால் காலம் நான்கு மடங்காகும். அடுக்கின் மேலும் கீழும் மணல் இருந்தால் தூரம் பாதியாகி, காலம் கால் பங்காகக் குறையும்.

பீசா கோபுரம் இதற்குச் சிறந்த சான்று. 1173இல் தொடங்கிய அதன் கட்டுமானம் சில தளங்கள் எழும்பியதும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நின்றுபோயிற்று. அந்த இடைவெளியில் கீழேயிருந்த களிமண் நீரை வெளியேற்றி இறுகியதால்தான், மீண்டும் கட்டியபோது அதற்குத் தாங்கும் வலு வந்திருந்தது. ஒரே மூச்சில் கட்டியிருந்தால் கோபுரம் அன்றே சாய்ந்து விழுந்திருக்கும் என்று அதை ஆராய்ந்த பொறியாளர்கள் கணித்திருக்கிறார்கள்.

படி 8: நறுக்கு வலிமை

வகுப்பில் ஷியர் ஸ்ட்ரெங்த் என்று சொல்வது இதைத்தான். பிரெஞ்சுப் பொறியாளர் கூலும் 1776இல் தந்த வடிவத்தில், ஒட்டுவலிமையோடு (துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வரும் வலிமை), தகைவை உராய்வுக் கோணத்தின் (துகள்களுக்கு இடையேயான உராய்வைக் குறிக்கும் கோணம்) டேஞ்சன்ட்டால் பெருக்கிக் கூட்டினால் மண்ணின் வலிமை கிடைக்கும். அந்தத் தகைவு பயனுறு தகைவாக இருக்க வேண்டும் என்ற தெளிவு டெர்சாகிக்குப் பிறகே வந்தது. நம் மண்ணுக்கு ஒட்டுவலிமை 10 கிலோபாஸ்கல், உராய்வுக் கோணம் 25 டிகிரி என்று கொள்வோம். அதன் டேஞ்சன்ட் 0.466. மழைக்கு முன்: 10 + 75.8 × 0.466 = 45.3 கிலோபாஸ்கல். நீர்மட்டம் தரை வரை ஏறியபின்: 10 + 58.1 × 0.466 = 37.1. மலைச்சரிவுகள் பெருமழைக் காலத்தில் சரிவதற்கான காரணம் இந்த இரண்டு வரிகளுக்குள் இருக்கிறது. நீர் தன் வழியில் சேர்ந்து கசிய நேரம் உள்ள நெடுங்காலக் கணக்கு இது. பாரம் விரைவாக ஏறும்போது களிமண்ணை வேறு முறையில் ஆராய வேண்டும்.

நீர் நிரம்பிய தளர்ந்த மணலில் இதன் உச்சத்தைக் காணலாம். நிலநடுக்கத்தில் மணல் குலுங்கி நெருங்க முயலும்போது நீருக்கு வெளியேற நேரம் இருப்பதில்லை; நீர் அழுத்தம் ஏறி ஏறி மொத்தத் தகைவைத் தொட்டுவிட்டால் பயனுறு தகைவு சுழியாகும். மணலில் ஒட்டுவலிமையும் இல்லாததால் வலிமை என்று எதுவும் எஞ்சாது, தரை திரவம்போல் நடந்துகொள்ளும். 1964இல் ஜப்பானின் நீகாட்டா நகரில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெரிதாக உடையாமலேயே சரிந்து படுத்தது இவ்வாறுதான்.

இப்போது நீங்களே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். நம் மண்ணில் கோடையில் நீர்மட்டம் 4 மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. அதே 6 மீட்டர் ஆழத்தில் மொத்தத் தகைவு, நீர் அழுத்தம், பயனுறு தகைவு, நறுக்கு வலிமை நான்கையும் வரிசையாகக் காணுங்கள். பயனுறு தகைவு 93.4 என்றும் வலிமை 53.5 கிலோபாஸ்கல் என்றும் வந்தால் உங்கள் வழி சரி. வராவிட்டால் நீர்மட்டத்துக்கு மேலுள்ள 4 மீட்டருக்கு 18.5ஐயும் கீழுள்ள 2 மீட்டருக்கு 19.5ஐயும் பயன்படுத்தினீர்களா என்று முதலில் பாருங்கள்.